எழுதுவது ஒருவர், காப்பது யார்?

திரை இல்லாத நிரலுக்கு லாக் கோப்புதான் வாய். வலைப்பக்கங்களைப் பரிமாறும் என்ஜின்எக்ஸ், தரவுத்தளத்தைக் காக்கும் போஸ்ட்கிரெஸ், நள்ளிரவில் பேக்கப் எடுக்கும் கிரான் வேலை எல்லாம் சர்வரின் பின்னணியில் ஓடுகின்றன. அவை ஓடும்போது எதிரே உட்கார்ந்து பார்க்க ஆளில்லை. ஏதேனும் கெட்டால், என்ன கெட்டது, எத்தனை மணிக்கு, எந்தக் கோரிக்கையின்போது என்று சொல்ல மிஞ்சுவது அந்தக் கோப்பின் கடைசிச் சில வரிகள்தான்.

இவ்வளவு முக்கியமான ஒன்றை லினக்ஸ் உலகம் கையாளும் விதம் விசித்திரமானது. நிரல் எழுதுகிறது. கோப்பு முறைமை இடம் கொடுக்கிறது. லாக்ரொட்டேட் என்ற வேறொரு நிரல் வாரம் ஒருமுறை வந்து வெட்டுகிறது. கோளாறு வரும் நாளில் நிர்வாகி வந்து தேடுகிறார். இந்த நால்வருக்கும் இடையில் ஒப்பந்தம் ஏதும் கிடையாது. 2011-இல், சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் லாக் பகுதியான ஜர்னல் அறிவிக்கப்பட்டதிலிருந்து லாக் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘உரைக்கோப்பா, பைனரியா’ என்ற ஒற்றைக் கேள்வியையே சுற்றி வருகிறது. அந்தக் கேள்வி இரண்டாம்பட்சம். அந்த வரிகளுக்கு யார் பொறுப்பு என்பதில்தான் லாக் வழக்கத்தின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கின்றன. இதுவரை வந்த ஒவ்வொரு சீர்திருத்தமும் அந்தப் பொறுப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியிருக்கிறது. அப்படி மாற்றியதில் லாபம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு?

தேடும் படலம்

நிர்வகிப்பதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும். ‘/வார்/லாக் அடைவில் பார்’ என்பது எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் முதல் பாடம். அது பாதிதான் சரி. டெபியன், உபுண்டு சர்வர்களில் பொதுச் செய்திகள் ‘சிஸ்லாக்’ என்ற கோப்பிலும் உள்நுழைவு விவரங்கள் ‘ஆத்.லாக்’ கோப்பிலும் சேருவது வழக்கம். ரெட்ஹேட் வழிவந்தவற்றில் அதே செய்திகள் ‘மெசேஜஸ்’, ‘செக்யூர்’ என்ற பெயர்களில் இருக்கும். அப்பாச்சியின் அடைவு ஓரிடத்தில் ‘அப்பாச்சி2’, வேறோரிடத்தில் ‘எச்டிடிபிடி’. போஸ்ட்கிரெஸ் டெபியனில் /வார்/லாக்குக்குள் எழுதும்; ரெட்ஹேட்டில் தன் தரவு அடைவுக்குள்ளேயே எழுதும்.

பெயர்க் குழப்பத்துக்குப் பெரிய விலை கொடுத்தவர்களும் உண்டு. போஸ்ட்கிரெஸின் தரவு அடைவில் முன்பு ‘பிஜி_எக்ஸ்லாக்’ என்று ஒன்று இருந்தது. தரவுத்தளம் செயலிழந்தால் மீட்டெடுக்க உதவும் பதிவுகள் அதில்தான் இருந்தன. வட்டு நிரம்பிய அவசரத்தில், ‘வெறும் லாக்தானே’ என்று அதை அழித்துத் தரவுத்தளத்தையே இழந்தவர்கள் இருந்தார்கள். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அந்த அடைவின் பெயர் ‘பிஜி_வால்’ என்று மாற்றப்பட்டது. லாக் என்றால் தூக்கியெறியக்கூடியது என்ற எண்ணம் நிர்வாகிகளிடம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கையேட்டை நம்பாமல் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸிடமே கேட்பதுதான் நிச்சயமான வழி. கர்னல் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ‘/ப்ராக்’ அடைவில், அதன் எண்ணின் கீழ், ‘எஃப்டி’ என்ற உள் அடைவை வைத்திருக்கிறது. அந்த ப்ராசஸ் திறந்துவைத்திருக்கும் கோப்புகள் எல்லாம் அங்கே வரிசையாகத் தெரியும். எண் 1 வழக்கமான வெளியீடு, எண் 2 பிழை வெளியீடு. அந்த இரண்டும் ‘/டெவ்/நல்’ நோக்கிக் கைகாட்டினால், நிரல் அங்கே பேசியது எல்லாம் காற்றோடு போயிற்று என்று அர்த்தம். பழைய டீமன்களின் மரபே அதுதான். முனையத்திலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, இந்த வெளியீடுகளையும் நல்லுக்குத் திருப்பிவிட்டுத்தான் பின்னணிக்குப் போகும். லாக் எழுதத் தொடங்குவதற்கு முன்பே நிரல் விழுந்தால் தடயமே இருக்காது.

‘நோஹப்’ போட்டு ஓட்டும் வழக்கம் இதற்கு நேர்மாறு. அது வெளியீட்டை ‘நோஹப்.அவுட்’ என்ற கோப்பில் சேர்க்கும். எங்கே? கட்டளையைத் தட்டிய நேரத்தில் எந்த அடைவில் நின்றோமோ அங்கே. அங்கே எழுத அனுமதி இல்லையென்றால் பயனரின் வீட்டு அடைவில். ஆறு மாதம் கழித்து அதைத் தேடுபவருக்கு இந்த விதி தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. கிரானோ இன்னும் ஒரு படி மேல். வேலையின் வெளியீட்டை மின்னஞ்சலாக அனுப்ப முயலும். சர்வரில் அஞ்சல் மென்பொருள் இல்லையென்றால், ‘அனுப்ப வழியில்லை, வெளியீட்டை விட்டுவிடுகிறேன்’ என்று சிஸ்லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுக் கைகழுவிக்கொள்ளும். இழந்ததற்கான ரசீது பத்திரமாக இருக்கும், இழந்த பொருள் இருக்காது.

சிஸ்லாக் கொடுத்ததும் கொடுக்காததும்

1980-களின் தொடக்கத்தில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் தன் சென்ட்மெயில் திட்டத்தின் பகுதியாக சிஸ்லாக்கை எழுதினார். நிரல் ஒவ்வொன்றும் தன் கோப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்து விடுபட்டது அப்போதுதான். செய்தியை ஒரு பொதுச் சேவையிடம் கொடுத்தால் போதும். எங்கே எழுதுவது என்பதை நிர்வாகி ஒரே கோப்பில் தீர்மானிப்பார். செய்தி எத்துறையைச் சேர்ந்தது என்பதற்கு ஓர் எண், எவ்வளவு அவசரம் என்பதற்கு 0 முதல் 7 வரை ஓர் எண். முதல் எண்ணை எட்டால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் செய்தியின் தலைப்பு எண் கிடைத்துவிடும். இந்த எளிமை நாற்பது ஆண்டு நிலைத்தது. ரவுட்டர், பிரிண்டர், ஃபயர்வால் என்று எந்தப் பெட்டியும் இன்றும் இந்த மொழியைப் பேசுகிறது.

ஆனால் அந்தத் துறைப் பட்டியல் 1980-களிலேயே உறைந்துவிட்டது. யூயூசிபி, நெட்நியூஸ் என்று வழக்கொழிந்த சேவைகளுக்கு இன்றும் தனித் துறை இருக்கிறது; வலை சர்வருக்கோ தரவுத்தளத்துக்கோ இல்லை. அவை ‘லோக்கல்0’ முதல் ‘லோக்கல்7’ வரையிலான எட்டு இடங்களில் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும். நேர முத்திரை அதைவிட மோசம். 2001-இல் ஆர்எஃப்சி 3164 பதிவுசெய்த வடிவத்தில் மாதம், தேதி, மணி, நிமிடம், விநாடி உண்டு. ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. சென்னையில் ஒரு சர்வர், ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு சர்வர் என்று வைத்திருப்பவர் இரண்டு லாக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது முந்தியது என்று மனக்கணக்குப் போட வேண்டியதுதான். 2009-இன் ஆர்எஃப்சி 5424 இதைத் திருத்தியது. ஆனாலும் பழைய வடிவம் எத்தனையோ இடங்களில் இன்னும் இயல்பாக இருக்கிறது. போதாததற்கு, எந்த நிரலும் எந்தப் பெயரிலும் எழுதலாம். ‘எஸ்எஸ்எச்டி’ என்று தலைப்பிட்டு ஒரு சாதாரணப் பயனர் பொய்ச் செய்தி அனுப்பினால், சிஸ்லாக்கின் அடிப்படை வடிவத்தில் அதைத் தடுக்க ஏதுமில்லை.

உரைக்கோப்பின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைப் படிக்க எந்த விசேஷக் கருவியும் தேவையில்லை. சர்வர் எழுந்திருக்க மறுக்கும்போது, வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் ‘டெயில்’, ‘கிரெப்’ இரண்டும் போதும். கோப்பின் நடுவே சில பிளாக்குகள் கெட்டுப்போயிருந்தாலும் மற்ற வரிகள் வாசிக்கக் கிடைக்கும். இருபது ஆண்டுக்கு முந்தைய லாக் கோப்பை இன்று திறந்தாலும் புரியும். மோசமான நாளில்தான் லாக் தேவைப்படுகிறது என்பதால், மோசமான நாளிலும் வேலை செய்யும் வடிவம் என்பது சின்ன நன்மை இல்லை.

வெட்டும் வேலை

உரைக்கோப்பின் உண்மையான பலவீனம் அது வளர்வதில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அதை வெட்டுபவருக்கும் எழுதுபவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததில். லாக்ரொட்டேட் ஒரு கோப்பின் பெயரை மாற்றிவைத்துப் புதிய காலிக் கோப்பை உருவாக்குகிறது. ஆனால் எழுதும் ப்ராசஸுக்குக் கோப்பின் பெயர் முக்கியமில்லை. அது திறந்துவைத்திருப்பது பழைய கோப்பை. பெயர் மாறியபின்னும் அதிலேயே எழுதிக்கொண்டிருக்கும். ‘திரும்பத் திற’ என்று யாராவது சொல்ல வேண்டும். என்ஜின்எக்ஸுக்கு அதற்கான சிக்னல் யூஎஸ்ஆர்1. இன்னும் பல டீமன்களுக்கு ஹப். சிக்னல் எதையும் மதிக்காத நிரல்களும் உண்டு.

சொல்லாமல் விட்டால் நடப்பதை ஒவ்வொரு நிர்வாகியும் ஒருமுறையாவது பார்த்திருப்பார். டிஎஃப் கட்டளை ‘வட்டு 100 சதவீதம் நிரம்பிவிட்டது’ என்கிறது. டியூ கட்டளை கணக்கெடுத்தால் பாதி இடம் காலி. வாடகைக்காரர் உள்ளே குடியிருக்கும்போதே வாசலில் இருந்த கதவு எண்ணை அழித்ததுபோல, கோப்பின் பெயர் போய்விட்டது, கோப்பு போகவில்லை. ப்ராசஸ் அதைப் பிடித்திருக்கும்வரை கர்னல் இடத்தை விடுவிக்காது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் ‘நீக்கப்பட்டது’ என்ற குறிப்போடு அந்தக் கோப்பு தெரியும். இடம் திரும்ப வேண்டுமானால் அந்த ப்ராசஸை மீண்டும் தொடங்க வேண்டும், அல்லது /ப்ராக் வழியாக அந்தக் கோப்பைச் சுழியமாக்க வேண்டும். ஒரு பெரிய லாக்கை ‘ஆர்எம்’ போட்டு அழித்துவிட்டு, இடம் ஏன் திரும்பவில்லை என்று திகைப்பவர்களின் கதையும் இதேதான்.

இதற்கு மாற்றாக வந்தது ‘காப்பிட்ரன்கேட்’ என்ற வழி. கோப்பை நகலெடுத்து, மூலத்தை அதே இடத்தில் காலியாக்கிவிடும். நிரலிடம் எதுவும் கேட்க வேண்டாம். டாம்கேட்டின் ‘கேட்டலினா.அவுட்’ போன்ற கோப்புகளுக்கு இதைத்தான் பலரும் நாடுகிறார்கள். அது ஷெல் வழியாகத் திருப்பிவிடப்பட்ட வெளியீடு என்பதால், திரும்பத் திறக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நகலெடுத்து முடிந்த கணத்துக்கும் காலியாக்கும் கணத்துக்கும் இடையில் எழுதப்பட்ட வரிகள் தொலைந்துபோகும். இதைக் கையேடே ஒப்புக்கொள்கிறது. நிரல் அந்தக் கோப்பைச் சேர்த்தெழுதும் முறையில் திறக்காமல் விட்டிருந்தால் இன்னொரு வேடிக்கை: காலியான கோப்பில் அது தன் பழைய இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும். முன்னால் பல ஜிபி அளவுக்கு வெற்று பைட்டுகள், கடைசியில் நான்கு வரி. கிரெப் அதைப் பார்த்து ‘இது பைனரி கோப்பு’ என்று சொல்லிவிடும்.

லாக்ரொட்டேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. 1990-களிலிருந்து எண்ணற்ற சர்வர்களை வட்டு நிரம்பாமல் காப்பாற்றியிருக்கும் கருவி அது. எழுதுபவர் செய்திருக்க வேண்டிய வேலையை வெளியிலிருந்து ஒருவர் செய்யும்போது இப்படி ஒட்டுப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதே பிரச்சினை.

ஜர்னலின் கணக்கு

லெனார்ட் பொட்டரிங் குழுவினரின் ஜர்னல் இந்தச் சிக்கலின் வேரைச் சரியாகவே பிடித்தது. சேவையைத் தொடங்குவதும் சிஸ்டம்டி, அதன் வெளியீட்டை வாங்கிக்கொள்வதும் சிஸ்டம்டி. முதல் கணத்திலிருந்தே நிரல் சொல்லும் ஒவ்வொரு வரியும் பிடிபடுகிறது. /டெவ்/நல் கதை முடிந்தது. எந்த ப்ராசஸ், எந்தப் பயனர், எந்தச் சேவை என்ற விவரங்களை நிரலின் வாய்மொழியை நம்பாமல் கர்னலிடமிருந்து பெற்று இணைக்கிறது. ‘எஸ்எஸ்எச்டி’ வேஷம் இங்கே செல்லாது. கோப்பைத் தேடி அலைய வேண்டாம். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் சேவையின் பெயரைச் சொன்னால் போதும். இதற்கு முந்தைய பூட்டில் நடந்ததைக் கேட்டால் அதையும் தனியாகப் பிரித்துக் கொடுக்கும். அளவுக் கட்டுப்பாடும் உள்ளேயே உண்டு. இயல்பாகக் கோப்பு முறைமையின் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி. தானே வெட்டிக்கொள்ளும், எழுதுபவரும் வெட்டுபவரும் ஒருவரே.

குறைகளும் கனமானவை. சர்வர் திடீரென்று மின்சாரம் இழந்தால் ஜர்னல் கோப்பு அரைகுறையாக நின்றுவிடலாம். சேவை அதைப் பெயர் மாற்றி ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். பழையதில் படிக்க முடிந்தவரை படிக்கலாம், பழுதுபார்க்கும் வசதி கிடையாது. ‘ஆட்டோ’ என்ற அமைப்பில் /வார்/லாக்/ஜர்னல் அடைவு இருந்தால் மட்டுமே வட்டில் எழுதும். இல்லையென்றால் நினைவகத்தில் வைத்திருந்து, மறுதொடக்கத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஏன் மறுதொடக்கம் ஆனது என்று தேட வருபவருக்கு அது கொடுமை. 30 விநாடியில் ஒரு சேவை, 10,000 வரியில் தொடங்கும் வரம்பைத் தாண்டினால் மிச்சத்தை விட்டுவிட்டு, இத்தனை செய்திகள் தவிர்க்கப்பட்டன என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதும். வட்டைக் காப்பதற்கு இது நியாயம். ஆனால் நிரல் அதிகமாகக் கத்துவது பெரும்பாலும் பெரிய விபத்தின் நடுவில்தான். அந்த நேரத்தில் வாயை மூடுகிறது ஜர்னல்.

ஆக, ‘பைனரி’ என்பதற்காக ஜர்னலைத் திட்டுவது தவறான இடத்தில் அடிப்பது. எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்ததால் ஒழுங்கு கிடைத்தது. அந்தக் கை எதை விடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அதோடு போனது. இதை உணர்ந்துதான் பல ஆண்டுகள் பலரும் ஜர்னலோடு, சிஸ்லாக் வழிவந்த ஆர்சிஸ்லாக்கையும் சேர்த்து ஓட்டினார்கள். 2023-இல் வந்த டெபியன் 12 ஆர்சிஸ்லாக்கை இயல்பான நிறுவலிலிருந்து நீக்கியது. பழக்கத்தில் ‘சிஸ்லாக்’ கோப்பைத் திறக்கப்போனவர்களுக்கு, கோப்பே இல்லை என்பதுதான் பதில்.

கைகழுவும் கலை

2011-வாக்கில் ஹெரோக்கு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ் எழுதிய ‘டுவெல்வ் ஃபேக்டர் ஆப்’ கோட்பாடு இன்னொரு எல்லைக்குப் போனது. நிரல் லாக் கோப்பைப் பற்றிக் கவலையே படக்கூடாது. எல்லாவற்றையும் வழக்கமான வெளியீட்டில் எழுதிவிட வேண்டும். சேகரிப்பது சூழலின் வேலை. கன்டெய்னர் உலகம் முழுக்க இன்று இந்த வழியில்தான் நடக்கிறது. நிரலாளருக்கு நிம்மதிதான். ஆனால் ‘சூழல்’ என்பது யார்?

டாக்கரின் இயல்பான லாக் முறை, ஒவ்வொரு கன்டெய்னரின் வெளியீட்டையும் ஒரு ஜேசன் கோப்பில் சேர்க்கிறது. அதற்கு இயல்பில் அளவு வரம்பே இல்லை. அது உட்காரும் இடமும் /வார்/லாக் இல்லை, டாக்கரின் சொந்த அடைவு. லாக்ரொட்டேட் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. கன்டெய்னரை நீக்கினால் அதன் லாக்கும் கூடவே போய்விடும். குபெர்னெட்டிஸ் இதற்கு மறுகோடி: ஒரு கன்டெய்னருக்கு 10 எம்பி அளவில் ஐந்து கோப்பு என்பதே அதன் இயல்பு. பரபரப்பான சேவையில் இந்த 50 எம்பி ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம்.

கவனிக்கப்படாத நுணுக்கம் ஒன்றும் இருக்கிறது. வெளியீடு முனையமாக இல்லாதபோது, சி நூலகமும் பைத்தானும் வரிகளை உடனே அனுப்பாமல் சில ஆயிரம் பைட்டுகள் சேரும்வரை நினைவகத்தில் வைத்திருக்கும். நிரல் திடீரென்று கொல்லப்பட்டால் அந்தச் சேமிப்பும் அதோடு மடியும். ஏன் விழுந்தது என்று சொல்லியிருக்கும் கடைசி வரிகள்தான் அவை. பைத்தான் கன்டெய்னர்களில் இடைச்சேமிப்பை நிறுத்தச் சொல்லும் சூழல் மாறியை வைப்பது இதற்காகத்தான். வெளியீட்டில் எழுதிவிட்டால் என் கடமை முடிந்தது என்ற கொள்கை, எழுதியது வெளியேறியதா என்று பார்க்கும் பொறுப்பிலிருந்து நிரலாளரை விடுவித்துவிடுவதில்லை.

வரிக்குள் இருப்பது

சேமிப்பு, வெட்டு, தேடல் என்று எல்லாவற்றையும் யாரிடமும் ஒப்படைக்கலாம். வரியில் என்ன எழுதுவது என்பதை ஒப்படைக்க முடியாது. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டது. கடவுச்சொல்லைக் குலைத்துச் சேமிக்கும் முறை சரியாகவே இருந்தது. அந்தக் குலைப்பு முடிவதற்கு முன் உள் லாக் ஒன்றில் அது அப்படியே எழுதப்பட்டிருந்தது. பூட்டுப்போட்ட பெட்டகத்தில் வைக்கும் பொருளின் விவரத்தை வெளியே ஒரு நோட்டில் எழுதிவைத்த கதை.

2021 டிசம்பரில் வெடித்த லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை இன்னும் ஆழமான பாடம். ஜாவா உலகின் பெரும்பகுதி நம்பியிருந்த லாக்4ஜே நூலகம், எழுதவேண்டிய செய்திக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி இருந்தால் அங்கே போய்ப் பொருளை எடுத்துவரும் வசதியை 2013-இலேயே பெற்றிருந்தது. உலாவியின் பெயர் என்று வெளியாள் அனுப்பும் சொல்லையும் லாக்கில் எழுதுவது வழக்கம். தாக்குபவர் அந்த இடத்தில் தன் சர்வர் முகவரியை வைத்தால், எழுதப்போன நூலகம் அவர் கொடுக்கும் நிரலை இறக்கி ஓட்டியது. ஆபத்து அளவீட்டில் அதற்குக் கிடைத்தது முழு 10. பதிவு செய்யும் கருவிக்குப் பதிவைத் தாண்டிய வேலைகளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே பதில்.

அளவும் நாளும்

1986-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அதைத் துரத்திப்போன கிளிஃப் ஸ்டோல், வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் பிரிண்டர்களை மாட்டி, ஊடுருவியவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் காகிதத்தில் பிடித்தார். கணினிக்குள் இருக்கும் எந்த லாக்கையும் உள்ளே வந்தவர் அழித்துவிட முடியும். காகிதத்தை அழிக்க முடியாது. இன்று அந்தக் காகிதத்தின் இடத்தில் இருப்பது தொலைவிலுள்ள லாக் சர்வர். லாக்கின் ஒரு பிரதியாவது அந்தக் கணினியை விட்டு வெளியே இருந்தாக வேண்டும்.

இந்தியாவில் இது சட்டத்தின் பிடிக்குள்ளும் வந்துவிட்டது. கணினிப் பாதுகாப்பு முகமையான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு, தன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும், கடிகாரங்களை அங்கீகரிக்கப்பட்ட நேர சர்வர்களோடு ஒத்திசைக்கவும், பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. இந்த 180 நாளைக் கருவிகளின் இயல்போடு ஒப்பிட்டால் பள்ளம் தெரியும். லாக்ரொட்டேட் பெரும்பாலான விநியோகங்களில் வாரத்துக்கு ஒன்று, நான்கு கோப்பு என்ற அமைப்போடு வருகிறது. ஏறக்குறைய ஒரு மாதம். ஜர்னல் 4 ஜிபியில் நிற்கிறது. அதிலிருக்கும் கால வரம்புகூட ‘இதற்கு மேல் வைக்காதே’ என்று சொல்லுமே தவிர, ‘இதுவரை அழிக்காதே’ என்று உறுதி தராது. கருவிகள் ஜிபியில் எண்ணுகின்றன. சட்டம் நாளில் எண்ணுகிறது. இந்த இரண்டையும் இணைக்கும் கணக்கை எந்தக் கருவியும் தானாகப் போட்டுத்தராது.

ஆகவே என் தீர்ப்பு இது. முதல் சேகரிப்பாளராக ஜர்னலே இருக்கட்டும். வரியை எழுதியது யார் என்று நம்பிக்கையோடு சொல்ல அதைவிட நல்ல வழி லினக்ஸில் கையெட்டும் தூரத்தில் இல்லை. வட்டில் எழுதுமாறும், எவ்வளவு எழுதலாம் என்றும் அதற்கு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அங்கிருந்து ஒரு பிரதி, ஆண்டும் நேர மண்டலமும் கொண்ட உரையாக, வேறொரு கணினிக்குப் போகட்டும். நாள் கணக்கு அங்கே நடக்கட்டும். டாக்கர் ஓட்டுபவர்கள் அளவு வரம்பை முதல் நாளே வைக்க வேண்டும். லாக்ரொட்டேட் தேவைப்படும் இடங்களில், திரும்பத் திறக்கத் தெரிந்த நிரலுக்கு சிக்னலையே பயன்படுத்த வேண்டும். காப்பிட்ரன்கேட் கடைசிப் புகலிடம்.

இவை எல்லாம் ஒரு மதியத்தில் செய்துவிடக்கூடிய அமைப்புகள். நடைமுறையில் அவை நடக்காததற்குக் காரணம், லாக் எந்தக் குழுவின் வேலைப் பட்டியலிலும் இல்லாததுதான். சேவை ஒன்றை உற்பத்திக்கு அனுப்பும் முன், அதன் லாக் எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும், அதில் எது எழுதப்படக்கூடாது என்ற மூன்று கேள்விக்கும் எதிரே ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் இல்லாத சர்வரில் எந்த வடிவத்தில் எழுதினாலும் ஒன்றுதான்.